விழுந்த மரத்தில் இரண்டு தவம்

முண்டந்துறைக் காட்டில் ஒரு மரம் விழுந்தால் கரையானும் வரும், வண்டும் வரும்.

கரையானுக்குத் தனி வாழ்வு என்று ஒன்று கிடையாது. வேலை செய்யும் கரையான்களில் பெரும்பாலானவற்றுக்குக் கண் இல்லை. மெல்லிய உடம்பு, வெயில் பட்டால் வாடிவிடும். அதனால் போகிற வழியெல்லாம் மண்ணை எச்சிலில் குழைத்துக் கூரை போட்டுக்கொண்டே போகும். தின்ற மரத்தின் சக்கையைப் புற்றுக்குள் அடுக்கி, அதில் பூஞ்சை வளர்த்து உண்ணும் இனங்களும் உண்டு. மழைக்குப் பின் புற்றில் முளைக்கும் காளான் அந்த விவசாயத்தின் விளைச்சல்தான். ஒரு புற்றில் யார் எதைச் செய்தார் என்று பிரித்துச் சொல்ல முடியாது.

வண்டின் வழி வேறு. தாய் வண்டு பட்டை இடுக்கில் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். புழு தன்னந்தனியே மரத்தைக் குடைந்துகொண்டு மாதக்கணக்கில், சில இனங்களில் ஆண்டுக்கணக்கில், இருட்டில் கிடக்கும். பிறகு கூட்டுப்புழுவாகி அடங்கிவிடும். அந்த அடக்கத்தில் பழைய உடம்பின் பெரும்பகுதி கரைந்து, ஓடும் சிறகுமாகப் புது உடம்பு உருவாகிறது. கரையானுக்கு இந்த நிலை இல்லை.

கூட்டத்தில் ‘நான்’ கரைவது உயர்ந்ததா, ஏகாந்தத்தில் கரைவதா? (பொன்வண்டைத் தீப்பெட்டியில் வைத்துச் சீராட்டி, கரையானுக்கு மண்ணெண்ணெய் ஊற்றும் நாம் பளபளப்பைப் பார்த்தே தீர்ப்புச் சொல்லிவிடுவோம்.)

நெல்லைச் சீமையில் இப்படி ஒரு வழக்கு முன்பே நடந்திருக்கிறது. சிவன் பெரியவரா, திருமால் பெரியவரா என்று சங்கனும் பதுமனும் வாதாடினார்கள் என்பது சங்கரன்கோவில் தலபுராணம். கோமதி அம்மன் தவம் இருக்க, இறைவன் பாதி சிவனாகவும் பாதி திருமாலாகவும் நின்றார். யார் பெரியவர் என்று அவர் சொல்லவில்லை. வாதாடிய இருவரும் நாகங்கள். அந்தக் கோயிலில் இன்றும் பிரசாதம் புற்றுமண்.

கரையான் தின்றாலும் வண்டுப்புழு குடைந்தாலும் மரம் மண்ணாகிறது. அந்தக் காட்டு மண் மழையைக் குடித்துவைத்து மெல்லக் கசியவிடுவதால்தான் கோடையிலும் பொருநை ஆற்றில் தண்ணீர் வருகிறது. பாபநாசத்தில் முங்கிக் குளிக்கிற நமக்கு இரண்டு தவத்திலும் பங்கு இருக்கிறது.

ஆடி அமாவாசைக்கு இந்தக் காட்டுக்குள் இருக்கும் சொரிமுத்து அய்யனாரைக் கும்பிடப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். காட்டில் விழுந்து கிடக்கும் மரத்தை விறகுக்கு எடுக்காதீர்கள். பக்கத்தில் புற்று இருந்தால் மிதிக்காமல் சுற்றிப் போங்கள்.