அடுத்தவர் வீட்டு நினைவகம்

2014இல், நான் எஸ்.பி.எம். எழுதிய வருடம், லோயாட் பிளாசாவில் அப்பா வாங்கித் தந்த லேப்டாப் அது. பல்கலைக்கழகம் முடியும்வரை என்னோடு இருந்தது. எனக்கு வேலை கிடைத்ததும் அப்பாவிடமே திரும்பிப் போய்விட்டது. அவர் எங்கள் தாமான் கோயிலின் செயலாளர். கூட்டக் குறிப்பு, திருவிழாக் கணக்கு, உபயகாரர் பட்டியல் எல்லாம் அதில்தான். 4 ஜிபி ரேம்.

போன மாதம் வீட்டுக்குப் போனபோது அம்மாதான் சொன்னார். "அப்பா இப்பல்லாம் அத தொறக்கிறதே இல்ல. பில் கட்டக்கூட போஸ்ட் ஆபீஸ் போறாரு."

ஏன்பா என்று கேட்டேன். "நான் எதையோ தப்பா அமுக்கிட்டேன் போல. சுத்திக்கிட்டே இருக்கு. கெடுத்துடப் போறேன்னு விட்டுட்டேன்" என்றார்.

அப்பா எதையும் தப்பாக அமுக்கவில்லை. ரேம் நிறைந்துவிட்டால் கணினி நின்றுபோகாது. ரேமில் இருப்பதில் கொஞ்சத்தை எடுத்து ஹார்ட் டிஸ்கில் வைத்துவிட்டு, தேவைப்படும்போது திரும்ப எடுத்துவரும். ரேமிலிருந்து ஒன்றை எடுக்க நானோ விநாடிகள் போதும். சுழலும் டிஸ்கிலிருந்து எடுக்க மில்லி விநாடிகள் ஆகும். பல்லாயிரம் மடங்கு வித்தியாசம். அப்பா பார்த்த அந்தச் சுழலும் வட்டம் இந்தப் போக்குவரத்துதான்.

சரி, ரேமை யார் நிரப்பியது? டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்தேன். கோயில் கணக்கு கொஞ்சம்தான் எடுத்திருந்தது. பில் கட்டும் பக்கம் ஒன்று மட்டும் கிட்டத்தட்ட 700 மெகாபைட். அந்தப் பக்கம் எனக்கு நன்றாகத் தெரியும். நான் இருக்கும் குழு செய்தது அது.

அன்று மாலையே 8 ஜிபி ரேம் ஒன்று வாங்கினேன். பழையதுதான், 60 ரிங்கிட். டிடிஆர்3எல் வகை, 1.35 வோல்ட். அலுவலக மேசையில் கிடந்த டிடிஆர்4ஐ முதலில் எடுத்துப் போயிருந்தேன். வெட்டு வேறு இடத்தில் இருப்பதால் அது உட்காரவே உட்காராது. பொறியாளர் என்று பேர்! பின்மூடியைக் கழற்றி, பேட்டரியை எடுத்துவிட்டு, ரேமைச் சாய்வாகச் செருகி அழுத்தினால் இரண்டு பக்கமும் கிளிப் 'டக்'கென்று பிடிக்கும். பத்து நிமிட வேலை. அப்பா டார்ச் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றார். "பழசாயிடுச்சுல்ல, அதான்" என்று அவரே காரணமும் சொல்லிக்கொண்டார்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அது உண்மை இல்லை. 2014இல் 4 ஜிபி எவ்வளவோ இன்றும் அவ்வளவுதான். சுமைதான் கூடியிருக்கிறது. வன்பொருள் வேகமாவதைவிட மென்பொருள் மெதுவாவது வேகமாக நடக்கிறது என்று நிக்லாஸ் வீர்த் 1995இலேயே எழுதிவிட்டார். படிக்கிற காலத்தில் இதை ஒரு ஜோக்காகத்தான் சொல்லிக்கொள்வோம். டார்ச் வெளிச்சத்தில் அது ஜோக்காக இல்லை.

டெரிக் பார்ஃபிட் 1984இல் வெளியிட்ட 'ரீசன்ஸ் அண்ட் பெர்சன்ஸ்' நூலில் ஒரு கற்பனைச் சூழல் வரும். ஆயிரம் வதையாளர்கள், ஆயிரம் கைதிகள். முன்பு ஒவ்வொரு வதையாளனும் தன் கைதியின் கருவியில் விசையை ஆயிரம் முறை திருப்புவான். ஒரு திருப்பலில் வலி கூடுவது தெரியாது. ஆயிரமாவதில் தாங்க முடியாது. பிறகு முறையை மாற்றுகிறார்கள். இப்போது ஒருவன் பொத்தானை அழுத்தினால் ஆயிரம் கருவிகளிலும் விசை ஒரே ஒரு முறை திரும்பும். ஆயிரம் பேரும் அழுத்துகிறார்கள். கைதிகளுக்கு அதே வலிதான். ஆனால் எந்த வதையாளனும் எந்தக் கைதிக்கும் தெரிகிற அளவுக்கு எதுவும் செய்யவில்லை. அதனால் அவர்கள் குற்றமற்றவர்களாகிவிட மாட்டார்கள் என்கிறார் பார்ஃபிட்.

பில் கட்டும் பக்கத்துக்கு வதையை இழுப்பது கொஞ்சம் ஓவர்தான். ஆனாலும் அந்தப் பொத்தான் எனக்குப் பழக்கமானது. தேதியை அழகாகக் காட்ட நான் ஒரு முழு நிரல் நூலகத்தையே உள்ளே போட்டேன். ஐந்து வரியில் எழுதியிருக்கலாம். வெள்ளிக்கிழமை மாலை, ஜாம் தொடங்குவதற்குள் கிளம்ப வேண்டும். இன்னொருவர் அரட்டைப் பெட்டி சேர்த்தார். இன்னொருவர் நகரும் படங்கள். ஒவ்வொன்றும் கொஞ்சம்தான். எங்கள் கணினிகளில் 32 ஜிபி, எங்களுக்கு எதுவும் கனக்கவில்லை. நான் மிச்சம் பிடித்த ஒரு மணி நேரத்துக்கு, கேட்காமலே அடுத்தவர் வீட்டு ரேமைச் செலவழித்திருக்கிறேன்.

பார்ஃபிட்டின் கைதிக்கு ஒரு வசதி உண்டு. தன்னை யாரோ வதைக்கிறார்கள் என்று அவனுக்குத் தெரியும். அப்பா தன்னையே குற்றம் சொல்லிக்கொண்டார்.

கூடிய சுமை எல்லாமே வீண் என்றும் சொல்ல முடியாது. முத்து நெடுமாறனின் முரசு அஞ்சலைத் தனியாக நிறுவினால்தான் தமிழில் தட்டலாம் என்றிருந்த காலம் அப்பாவுக்கு நினைவிருக்கிறது. இன்று எந்தக் கணினியிலும் தமிழ் தானாக வருகிறது. பார்வையற்றவருக்குத் திரையைப் படித்துச் சொல்லும் மென்பொருள் இருக்கிறது. இதற்கெல்லாம் நினைவகம் வேண்டும், கொடுக்கலாம். என் தேதி அந்தப் பட்டியலில் வராது.

திங்கள்கிழமை கூட்டத்தில், 4 ஜிபி கணினியிலும் ஒருமுறை சோதிப்போம் என்றேன். "அதை எத்தனை பேர் யூஸ் பண்றாங்க? டேட்டா இருக்கா?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. டேட்டாவில் அப்படிப்பட்டவர்கள் ரொம்பக் குறைவு. எப்படி எண்ணுகிறோம் என்று பிறகு போய்ப் பார்த்தேன். எண்ணுகிற நிரல், பக்கம் முழுதாக ஏறிய பிறகுதான் ஓடுகிறது. அதற்குள் மூடிவிட்டு போஸ்ட் ஆபீசுக்குக் கிளம்பியவர் எங்கள் கணக்கில் வந்ததே இல்லை.

தேதி நூலகத்தை எடுத்துவிட்டேன். பக்கம் கொஞ்சம் இளைத்தது, யாருக்கும் தெரிகிற அளவுக்கு இல்லை. அரட்டைப் பெட்டி என் பொறுப்பில் இல்லை.

வீட்டில் லேப்டாப் இப்போது நன்றாக ஓடுகிறது. ஆடித் திருவிழாக் கணக்கை அப்பா அதில்தான் முடித்தார். எல்லாம் சரியாகிவிட்டது, நீங்கள் எதையும் கெடுக்கவில்லை, பக்கத்தைச் செய்த நாங்கள்தான் காரணம் என்று போனில் சொன்னேன். சிரித்தார். "நீ சும்மா சொல்ற" என்றார். பில் மட்டும் இன்னும் போஸ்ட் ஆபீசில்தான் கட்டுகிறார்.