அரிவாள்மனையும் ஆண்டவரின் கட்டளையும்



நமது ஆண்டவர் ஐந்து அப்பங்களாலும் இரண்டு மீன்களாலும் ஐயாயிரம் பேரைப் போஷித்த பின், மீதியான துணிக்கைகள் வீணாகாதபடி சேர்த்து வைக்கும்படி சீஷர்களுக்குக் கட்டளையிட்டார். பன்னிரண்டு கூடைகள் நிறைந்தனவென்று அர்ச். அருளப்பர் தமது சுவிசேஷம் 6-ம் அதிகாரத்தில் எழுதியிருக்கிறார். அப்பத்தைப் பலுகச் செய்ய வல்லவர் துணிக்கையைத் தேடுவானேன்? சர்வேசுரனுடைய கொடையில் அற்பமானது ஒன்றுமில்லையென்று நமக்குப் படிப்பிக்கவே. மறைந்த பாப்பரசர் பிரான்சிஸ் 2015-ம் வருஷம் விடுத்த 'லவுதாத்தோ சி' நிருபத்தில், உணவை எறிந்துவிடுவதை ஏழையின் பந்தியிலிருந்து திருடுவதற்கு ஒப்பிட்டார்.

இனி நம் அடுப்பங்கரைக்கு வருவோம். இக்காலத்துக் கடைகளில் நறுக்கின காயும், உரித்த பூண்டும், தூளாக்கின சூப்பும் பொட்டலமாய் விற்கின்றன. முழுப் பீர்க்கங்காய் வாங்கினால் அதன் தோலும் துவையலாகும். முள்ளங்கி வாங்கினால் கீரையும் கூட வரும். மிஞ்சியதை ஆடு தின்னும். நறுக்கி வைத்த காயிலோ வைட்டமின் சி காற்றுபட்டுக் குறைகிறது. நறுக்கின பின் கழுவினால் தண்ணீரோடும் போய்விடுகிறது. ஆகையால் கழுவி, பிறகு நறுக்கி, உடனே சமைப்பதே உத்தமம். பொட்டலச் சூப்பில் உப்பும் அதிகம். நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைந்த உப்பே போதுமென்கிறது உலக சுகாதார ஸ்தாபனம்.

1999-ம் வருஷம் தமிழ்நாட்டில் துவங்கிய உழவர் சந்தை நம் திருவண்ணாமலையிலும் உண்டு. அங்கே தரகரில்லை, பயிரிட்டவர் கையிலேயே காசு சேரும்.

"சுவாமி, நேரம் ஏது?" என்று தாய்மார் கேட்பார்கள். நியாயமான கேள்வியே. விடியுமுன் எழுந்து, பஸ் பிடித்து வேலைக்கு ஓடுகிறவர்கள் பொட்டலம் வாங்கினால் அது பாவமல்ல. முதியோருக்கும் வியாதியஸ்தருக்கும் அது உதவியே.

ஆனால் குடும்பத் தலைவர்களே, உங்கள் மனைவி வாழைப்பூவோடு தனியே மல்லாடும்போது நீங்கள் எங்கே இருக்கிறீர்கள்? முழுக் காயை மெச்சிக்கொண்டு, அதன் பாரத்தை ஒருத்தி தலையில் ஏற்றுவது நீதியல்ல. சனிக்கிழமை காலையில் நீங்களே பையெடுத்துச் சந்தைக்குப் போய் வாருங்கள். வந்து அரிவாள்மனையில் உட்காருங்கள். பிள்ளைகள் முருங்கைக்கீரை உருவட்டும். வாழைப்பூவில் கள்ளன் எடுக்கட்டும். குடும்பம் ஒன்றாயிருக்கும் அந்த அரைமணி நேரமும் ஆண்டவர் தந்த துணிக்கையே. அதையும் வீணாக்காமல் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அற்பக் காரியங்களிலும் பிரமாணிக்கமாயிருக்கும் வரத்தை ஆண்டவர் நம் குடும்பங்களுக்குத் தந்தருள்வாராக. ஆமென்.