வழி தவற ஒரு காடு

ஒவ்வோர் ஆண்டும் ஜூலை மாதத்தில் ஸ்வீடனில் பல்லாயிரம் பேர் பணம் கட்டி, கூடாரம் சுமந்து, பிள்ளைகளையும் தாத்தா பாட்டிகளையும் கூட்டிக்கொண்டு ஏதாவதொரு காட்டோரத்துக்கு வந்து சேர்கிறார்கள். ஐந்து நாள் காட்டுக்குள் ஓடுவதற்கு. கையில் வரைபடம் ஒன்று, திசைகாட்டி ஒன்று. தடத்தில் அம்புக்குறி இருக்காது. வழி கேட்க ஜிபிஎஸ்ஸைத் தொடக் கூடாது. ஓரியண்டியரிங் என்ற இந்த விளையாட்டின் மிகப் பெரிய திருவிழாவான ஓ-ரிங்கன் அது. 1965இல் பியோ பெங்ட்சன், சீவர் நில்சன் என்ற இருவர் இதைத் தொடங்கியபோது வந்தவர்கள் 156 பேர்தான். 1985இல் ஃபாலுனில் நடந்தபோது எண்ணிக்கை 25,000ஐத் தாண்டியிருந்தது. சட்டைப்பையில் கிடக்கும் கைப்பேசி சந்து சந்தாக வழி சொல்லும் காலத்தில், வழி கண்டுபிடிப்பதை இவ்வளவு பெரிய விழாவாகக் கொண்டாட என்ன அவசியம்? உடற்பயிற்சி, இயற்கை, மறக்கக் கூடாத பழைய கலை என்று பதில்கள் வரும். மூன்றும் சரிதான், மூன்றும் போதவில்லை. உடற்பயிற்சிக்குப் பூங்கா போதும், இயற்கைக்கு நடை போதும். எனக்குப் படுவது வேறு. வளர்ந்த மனிதர்களுக்குத் தவறு செய்ய இடமில்லாமல் போய்விட்டது. வேலையில் தவறினால் வேலை போகிறது, வண்டியோட்டுவதில் தவறினால் உயிர் போகிறது, பேச்சில் தவறினால் உறவு போகிறது. ஆகவே தவறைத் தவிர்க்கவும், தவிர்க்க முடியாதபோது மறைக்கவும், மறைக்க முடியாதபோது இன்னொருவர் தலையில் கட்டவும் தேறிவிடுகிறோம். தவறு முழுக்க நம்முடையதாகவும், ஆனால் விலை குறைந்ததாகவும் இருக்கும் ஓர் இடம் வேண்டும். இந்தப் போட்டி அப்படி ஓர் இடத்தை ஐந்து நாளைக்கு உண்டாக்கித் தருகிறது என்பதுதான் என் வாதம்.

அந்தத் தவறு எப்படிப்பட்டது என்று கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். ஓரியண்டியரிங் வரைபடம் நாம் பழகிய வரைபடம் மாதிரி இருக்காது. இதில் வெள்ளை என்றால் தடையில்லாமல் ஓடக்கூடிய காடு. பச்சை அடர்த்தியாக ஆக, நுழைவது கடினம். பழுப்புக் கோடுகள் நிலத்தின் ஏற்ற இறக்கம், நீலம் நீரும் சதுப்பும், கறுப்பு பாறையும் பாதையும். போக வேண்டிய இடங்கள் ஊதா வட்டங்களாகக் குறித்திருக்கும். ஒவ்வொரு வட்டத்தின் நடுவிலும், நிஜக் காட்டில், ஆரஞ்சும் வெள்ளையுமான ஒரு கொடி தொங்கும். ஒருவர் ஒரு வட்டத்தை நோக்கி ஓடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். வரைபடத்தில் ஒரு சதுப்பு, அதற்குக் கிழக்கே ஒரு குன்று, குன்றின் வடக்குச் சரிவில் ஆள் உயரத்துக்கு ஒரு பாறை. பாறையடியில்தான் கொடி. ஓடுகிறார்; சதுப்பு வருகிறது, சரி. கிழக்கே குன்று வருகிறது, சரி. வடக்குச் சரிவில் பாறையைக் காணோம். இங்கேதான் மனம் தன் வேலையைக் காட்டுகிறது. இடுப்பளவு உயரத்தில் பாசி பிடித்த கல் ஒன்று கிடந்தால், ‘இதைத்தான் பாறை என்று போட்டிருக்கிறார்கள்’ என்கிறது. வரைபடத்தில் இல்லாத பாதை ஒன்று குறுக்கிட்டால், ‘இது புதிதாக விழுந்த பாதை’ என்கிறது. வரைந்தவர் மேல் சந்தேகம் வருகிறது, திசைகாட்டி மேல் சந்தேகம் வருகிறது, தன்மேல் மட்டும் வருவதில்லை. உண்மையில் அவர் நிற்பது 200 மீட்டர் தள்ளி, அதே சாயலில் இருக்கும் இன்னொரு சதுப்பின் ஓரம். இந்த விளையாட்டில் இதற்கு இணைப் பிழை என்று பெயர். அனுபவசாலிகளும் இதிலிருந்து தப்புவதில்லை. அவர்களிடம் உள்ள வித்தியாசம் ஒன்றுதான்: பொருந்தாத முதல் அடையாளத்திலேயே நின்றுவிடுகிறார்கள். கடைசியாக எந்த இடத்தில் சந்தேகமில்லாமல் இருந்தோமோ அதுவரை திரும்பிப் போகிறார்கள். திரும்பினால் இரண்டு நிமிடம் நஷ்டம். வீம்புக்குத் தேடினால் கால் மணி நேரம் போய்விடும்.

நாம் வழி தவறுவது கவனக்குறைவால் மட்டும் நடப்பதில்லை என்பதற்கு ஆய்வுச் சான்று உண்டு. ஜெர்மனியில் ட்யூபிங்கன் நகர மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தைச் சேர்ந்த யான் ஸவ்மன் குழுவினர் 2009இல் வெளியிட்ட ஆய்வில், சமதளக் காடு ஒன்றில் நேராக நடக்கும்படி சிலரைக் கேட்டுக்கொண்டார்கள். சூரியன் தெரிந்தபோது ஏறக்குறைய நேராக நடந்தார்கள். மேகம் மூடியபோது வட்டமடித்தார்கள். தாங்கள் நடந்த தடத்தையே குறுக்காகக் கடந்தும் அதை உணரவில்லை. நேராகப் போகிறோம் என்ற உறுதி மட்டும் குறையவில்லை. அந்த ஆய்வில் என்னை உறுத்துவது வட்டமல்ல, இந்த உறுதிதான். வெளியே ஓர் அடையாளம் வந்து மறுக்காதவரை நமக்கு நாம் சரியாகவே இருப்போம். காட்டில் அந்த மறுப்பைத் தருவது கொடிக்கு அடியில் இருக்கும் எண். வரைபடத்தோடு வரும் பட்டியலில் உள்ள எண்ணும் கொடியின் எண்ணும் ஒத்துப்போக வேண்டும். எண் மாறிய கொடியைத் தன் கொடி என்று பதிந்துவிட்டு அப்படியே ஓட்டத்தை முடித்தால் அன்றைய ஓட்டம் செல்லாது. வாதாட இடமில்லை, சமாளிக்க இடமில்லை. தவறு நடந்த அரை மணி நேரத்துக்குள் அது தவறு என்று சொல்லிவிடும் ஏற்பாடு அன்றாட வாழ்க்கையில் எத்தனை காரியங்களுக்கு இருக்கிறது? தப்பான படிப்பைத் தேர்ந்தவருக்குப் பத்து வருடம் கழித்துத் தெரிகிறது; சிலருக்குத் தெரியாமலே போகிறது.

இது பல நாள் போட்டியாக இருப்பதற்கும் இந்த வாதத்தில் பங்குண்டு. ஒரு நாள் போட்டியில் தவறு முடிவாகிவிடும். ஐந்து நாளில் அது ஒரு தொகை. முதல் நாள் இழந்த பன்னிரண்டு நிமிடம் அழிவதில்லை. ஆனால் மிச்சமிருக்கும் நான்கு நாளை விழுங்குவதும் இல்லை. போட்டிப் பிரிவுகள் பலவற்றில் ஐந்தாம் நாள் துரத்தல் முறையில் தொடங்குகிறது: நான்கு நாள் மொத்தத்தில் முன்னிற்பவர் முதலில் புறப்படுவார், மற்றவர்கள் எத்தனை நிமிடம், எத்தனை வினாடி பின்தங்கினார்களோ அத்தனை இடைவெளி விட்டுப் புறப்படுவார்கள். முதலில் முடிவுக் கோட்டைத் தொடுபவர் பிரிவை வென்றவர். நேற்றைய பிழைகள் எல்லாம் இங்கே தொடக்கக் கோட்டில் காத்து நிற்கும் நேரமாகக் கண்ணெதிரே நிற்கின்றன. மன்னிப்பும் இல்லை, தண்டனையும் இல்லை. கணக்கு மட்டும் இருக்கிறது. தோற்றவரை அவமானப்படுத்துவதற்கும் அவரிடம் பொய்யாக ஆறுதல் சொல்வதற்கும் நடுவே இப்படி ஒரு வழி இருப்பதை, ரேங்க் அட்டையோடு வளர்ந்த நம்மவர்கள் கவனிக்க வேண்டும்.

தவறின் விலையை அளந்து கொடுப்பதில் இவர்கள் எவ்வளவு நுட்பமானவர்கள் என்பதைக் குழந்தைகளுக்கான ஏற்பாட்டில் பார்க்கலாம். மிகச் சிறியவர்களுக்குக் காட்டோரத்தில் அடையாளமிட்ட தடம் உண்டு. அதைப் பின்பற்றியே கொடி கொடியாகப் போய் வரலாம். அடுத்த படியில் கொடிகள் பாதையோரமாகவே இருக்கும். அதற்கும் அடுத்ததில் பாதையை விட்டுச் சற்று விலக வேண்டும். புதிதாகப் பழகும் சிறார் பிரிவுகளில் பெரியவர் ஒருவர் பிள்ளைக்குப் பின்னால் நிழல் போலப் போகலாம். பிள்ளை தவறான பக்கம் திரும்பும்போது வாயை மூடிக்கொண்டு பின்னால் நடக்கத் தெரிய வேண்டும். பிள்ளையைவிட இது பெற்றோருக்குத்தான் கடினமான பரீட்சை என்று நினைக்கிறேன். மறுகோடியில் 90 வயதானவர்களுக்கும் பிரிவு இருக்கிறது. அவர்களுக்குத் தூரம் குறைவு, வரைபடம் பெரிதாக அச்சிடப்பட்டிருக்கும். வழி தவறும் உரிமையில் மட்டும் குறைவில்லை.

கைப்பேசி இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்ற கேள்விக்கு மூளை ஆய்வுகளைக் காட்டி வாயடைப்பது சுலபம். லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் ஹ்யூகோ ஸ்பியர்ஸ் குழுவினர் 2017இல் வெளியிட்ட ஆய்வில், லண்டன் சோஹோ பகுதித் தெருக்களைத் திரையில் கடந்தவர்கள் தாங்களே வழியைத் தீர்மானித்தபோது மூளையின் ஹிப்போகாம்பஸ் பகுதி விறுவிறுப்பாக வேலை செய்தது. கருவி சொன்னபடி திரும்பியபோது அந்த விறுவிறுப்பு இல்லை. ‘சீ ஹீரோ குவெஸ்ட்’ என்ற கைப்பேசி விளையாட்டில் சேர்ந்த தரவுகளில் வட ஐரோப்பிய நாட்டவர் வழியறிதலில் முன்னே நின்றார்கள். ஓரியண்டியரிங் உலகப் போட்டிகளில் அந்நாடுகள் பெற்ற வெற்றிகளோடு அது ஒத்துப்போனதையும் ஆய்வாளர்கள் குறிப்பிட்டார்கள். ஆனால் அதே தரவில் நாட்டின் செல்வமும்கூட வழியறிதலோடு ஒத்துப்போயிற்று. எது எதற்குக் காரணம் என்று இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. என் வாதம் மூளையின் எந்தப் பகுதியையும் நம்பி நிற்கவில்லை. கைப்பேசி தவறாக வழி சொன்னால் ‘மேப் தப்பு’ என்கிறோம். சரியாகச் சொன்னால் வந்து சேர்கிறோம். இரண்டிலும் நமக்குப் பொறுப்பில்லை. வசதிதான், மருத்துவமனைக்கு விரைகிறவருக்கு அது தெய்வம். ஆனால் பொறுப்பே இல்லாத ஓரிடத்தில் பொறுப்பைப் பழக முடியாது.

இதைவிடக் கனமான மறுப்பு, கூட்டம் பற்றியது. ஆயிரக்கணக்கானோர் ஓடும் காட்டில் மதியத்துக்குள் புல் மிதிபட்டு, சதுப்பில் கால்தடம் பதிந்து, கொடிவரை வழி விழுந்துவிடும். முன்னால் ஓடுபவர் முதுகைப் பார்த்தே போய்விடலாம். பிறகு எங்கே சொந்தத் தீர்மானம்? பாதி உண்மை. பின்தொடர்ந்து ஓடுவதை விதி தடுக்கிறது, ஆனால் முழுக்கத் தடுக்க முடியாது. இருந்தாலும் ஒரே காட்டில் பல பிரிவுகளின் தடங்கள் பின்னிக்கிடக்கின்றன. நமக்கு முன்னால் நம்பிக்கையோடு ஓடும் மனிதர் அவருடைய கொடிக்குப் போகிறார். அது நம்முடையதாக இருக்க வேண்டும் என்பதில்லை. பத்துப் பேர் மிதித்த தடம் பத்துப் பேரின் பிழையாகவும் இருக்கும். கடைசியில் குனிந்து எண்ணைப் பார்க்க வேண்டியவர் அவரவர்தான். ஆளே இல்லாத காட்டைவிட, ஊரே ஓடும் காட்டில் தன் வரைபடத்தை நம்புவது கடினம். நாம் வாழ்வதும் ஊரே ஓடும் இடத்தில்தான்.

‘கல்வியும் மருத்துவமும் ஓய்வூதியமும் அரசு பார்த்துக்கொள்ளும் நாட்டில் தவறு மலிவாக இருப்பதில் என்ன ஆச்சரியம்? வசதியுள்ளவர்களின் பொழுதுபோக்குக்குத் தத்துவம் கற்பிக்கிறீர்கள்’ என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். இதை நான் மறுக்கப் போவதில்லை. தவறின் விலை தானாகக் குறைவதில்லை, யாரோ அதைக் குறைக்கிறார்கள். ஸ்வீடனில் பிறர் நிலத்திலும் சேதமில்லாமல் நடந்து திரியும் பொது உரிமை பழைய வழக்கம். 1994இல் அரசியலமைப்பிலும் இடம்பெற்றது. அதற்கு மேல், போட்டி நடத்துபவர்கள் நில உரிமையாளர்களோடும் வேட்டைக் குழுக்களோடும் முன்கூட்டியே பேசுகிறார்கள். ஓடும் பகுதிக்குள்ளேயே விலங்குகள் ஒதுங்க இடம் விடுகிறார்கள். வரைபடக்காரர்கள் மாதக்கணக்கில் காட்டில் நடந்து பாறை பாறையாகக் குறிக்கிறார்கள். தொண்டர்கள் கொடி கட்டுகிறார்கள். காயம்பட்டவரைக் கண்டால் போட்டியை விட்டு உதவ வேண்டும் என்பது ஓடுகிறவர்களுக்கான விதி. பேச்சுக்கான விதியல்ல அது. 2009இல் ஹங்கேரியில் நடந்த உலகப் போட்டியின் தொடரோட்டத்தில் ஸ்வீடனின் மார்ட்டின் யோஹன்சன் தொடையில் மரக்கிளை ஆழமாகக் குத்தி விழுந்தபோது, பதக்கத்துக்காக ஓடிக்கொண்டிருந்த பிரான்சின் தியெரி ஜியோர்ஜியு, நார்வேயின் ஆண்டர்ஸ் நூர்ட்பெரி, செக் நாட்டின் மிஹால் ஸ்மோலா மூவரும் ஓட்டத்தை விட்டு அவரைக் காப்பாற்றினார்கள். மூன்று அணிகளின் பதக்க வாய்ப்பும் அதோடு போயிற்று. ஒருவர் தனியாகப் போய் வழி தவறிவிட்டுத் திரும்புவதற்கு இத்தனை பேர் வேண்டியிருக்கிறது. செல்வம் அவர்களிடம் இருப்பது உண்மை. ஆனால் செல்வம் உள்ள இடத்திலெல்லாம் இந்த ஏற்பாடு இல்லை. நம் நகரங்களின் விலை உயர்ந்த பள்ளிகளில் தவறு இன்னும் விலை உயர்ந்ததாகத்தானே இருக்கிறது?

நார்வேயில் வளரும் ஈழத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இது புதிதல்ல. அங்கே பள்ளி உடற்கல்வியிலேயே வரைபடமும் திசைகாட்டியும் உண்டு. மற்றவர்களுக்கு ஒரு செய்தி: ஓ-ரிங்கனில் திறந்த பிரிவுகளும் இருக்கின்றன. அவற்றுக்கு முன்கூட்டிப் பதிய வேண்டாம். அன்றைக்கு அங்கேயே பெயர் கொடுத்து, தூரத்தையும் கடினத்தையும் நாமே தேர்ந்துகொள்ளலாம். ஜூலையில் அந்தப் பக்கம் போக நேர்ந்தால் ஒரு நாளை இதற்கு ஒதுக்குங்கள். பாதையோரமாகவே போகும் எளிய தடத்தில் தொடங்கினால் போதும். எண்ணைப் பார்க்க மட்டும் மறக்காதீர்கள்.