வருகைக் கணக்கும் வினைக் கணக்கும்

யூனிக்ஸ் கணினிக்குள் யார், எப்போது நுழைந்தார், எப்போது வெளியேறினார் என்பதை டபிள்யூடிஎம்பி என்ற கோப்பு எழுதி வைக்கிறது. இன்றைய லினக்ஸில் ஒரு குறிப்பு பெரும்பாலும் 384 பைட். நாளொன்றுக்கு 10,000 முறை ஆட்கள் வந்துபோனால் 20,000 குறிப்புகள், 76.8 லட்சம் பைட். கோப்பு தானாகச் சுருங்குவதில்லை. சேர்ந்த கணக்கைத் தீர்ப்பது எப்படி என்ற கேள்வியைச் சைவ சித்தாந்தம் வினையை முன்வைத்து என்றோ கேட்டுவிட்டது.

பல பிறவிகளில் சேர்ந்து கிடப்பது சஞ்சிதம். அதில் முதிர்ந்து இப்பிறவியில் அனுபவத்துக்கு வந்தது பிராரத்தம். இனி ஏறுவது ஆகாமியம். மூட்டை எவ்வளவு பெரிதானாலும் உயிர் இன்று எதிர்கொள்வது பிராரத்தத்தை மட்டுமே. கணினியிலும் அப்படித்தான்: இந்த நேரத்தில் உள்ளே இருப்பவர்களை யுடிஎம்பி என்ற சிறு கோப்பு காட்டும், பழையது முழுவதும் டபிள்யூடிஎம்பியில் கிடக்கும். ஆனால் ஒப்புமை இதற்குமேல் செல்லாது. சஞ்சிதம் குருவின் தீக்கையால் எரிந்துபோகும். எரிந்ததற்கு நகல் வேண்டாம். வருகைக் கணக்கோ பலருடைய தடயம். கள்ளத்தனமாக நுழைந்தவரைப் பிற்பாடு காட்டிக்கொடுக்கும் சாட்சியும் அதுதான். இடம் போதவில்லை என்பதற்காக அதை எரிக்க நிர்வாகிக்கு உரிமையில்லை.

சாட்சியைக் காத்துக்கொண்டே இடத்தை ஒழிக்கும் வழியைக் கோயில்கள் அறிந்திருந்தன. ராஜபாளையத்தை அடுத்த தேவதானம், நச்சாடை தவிர்த்தருளிய சுவாமி எழுந்தருளிய ஆகாயத் தலம். இறைவனுக்கு விட்ட நிலத்தைக் கல்வெட்டுகள் குறிக்கும் சொல்லே அங்கே ஊர்ப்பெயராக நிற்கிறது. சந்திர சூரியர் உள்ளவரை என்று வெட்டப்பட்ட கொடைகள் அவை. எனினும் கற்றளியும் ஒருநாள் பிரிக்கப்படும். திருமழபாடிக் கோயில் விமானத்தைப் பிரித்துக் கட்ட முதலாம் ராஜராஜன் தன் 28ஆம் ஆட்சியாண்டில் ஆணையிட்டபோது, சுவரிலிருந்த கல்வெட்டுகள் முதலில் புத்தகத்தில் படியெடுக்கப்பட்டன. ராஜேந்திரனின் 14ஆம் ஆண்டில் அவை புதிய சுவரில் மீண்டும் வெட்டப்பட்டன. இடையில் ஏறத்தாழ 13 ஆண்டுகள். அத்தனை காலமும் கொடைகளுக்குச் சான்றாக இருந்தது அந்தப் படிதான்.

கணினியிலும் முறை இதுவே. லாக்ரொட்டேட் என்ற நிரல் பழைய கோப்பை வேறு பெயரில் ஒதுக்கிவிட்டு, அதே பெயரில், அதே அனுமதிகளோடு வெறுங்கோப்பு ஒன்றை வைக்கிறது. ஒதுக்கியதைச் சுருக்கி, வேண்டிய மாதங்கள் வரை காக்கலாம். வெறுங்கோப்பை வைக்க மறந்தால் பதிவே நின்றுபோகும். கோப்பு இல்லாத இடத்தில் நுழைவு நிரல்கள் அதைத் தாமாக உருவாக்குவதில்லை. கோப்பின் கடைசிப் பகுதியை மட்டும் வைத்துக்கொள்வதானால் 384இன் மடங்கில்தான் வெட்ட வேண்டும். குறிப்பின் நடுவே வெட்டு விழுந்தால் அடுத்துவரும் ஒவ்வொரு வரியும் இடம் பிசகும்: பெயர் இருக்க வேண்டிய இடத்தில் நேரம், நேரத்தின் இடத்தில் பொருளற்ற எண்.