முதலில் வலியைத் தேடுங்கள்

பேச்சு சரியாக வராத ஒருவர் திடீரென்று தன் கன்னத்தில் அறைந்துகொள்ள ஆரம்பித்தால், முதலில் வாயைத் திறக்கச் சொல்லிப் பல்லைப் பாருங்கள். காதுக்குள் பாருங்கள். வயிற்றைத் தொட்டுப் பாருங்கள். இறுகிக் கிடந்தால், வெளிக்குப் போய் எத்தனை நாளாயிற்று என்று வீட்டாரைக் கேளுங்கள். இவ்வளவும் பார்த்து முடித்த பிறகுதான் அவரை அடக்கி வைக்கும் மாத்திரையைப் பற்றி யோசிக்க வேண்டும். மருத்துவர்களே, செவிலியர்களே, சிறப்புப் பள்ளி ஆசிரியர்களே, பெற்றோரே, இது பெரிய வித்தை இல்லை. ஆனால் இதைச் செய்யாமல் விடுவதால் மனிதர்கள் சாகிறார்கள்.

"இந்தப் பிள்ளைங்க இப்படித்தான் இருப்பாங்க" என்று ஓ.பி.யில் ஒரு குரல். "அவன் எப்பவுமே இப்படித்தான் டாக்டர்" என்று வீட்டிலிருந்து வந்த குரலே அதற்கு ஒத்து ஊதுகிறது. அறிவுசார் குறைபாடு உள்ளவருக்கு வரும் எந்த நோயையும் குறைபாட்டின் கணக்கிலேயே எழுதிவிடுகிறோம். சாப்பிட மறுத்தால் பிடிவாதம், கத்தினால் குணம், சுருண்டு படுத்தால் சோம்பல்.

டவுன் சிண்ட்ரோம் உள்ள நாற்பத்தைந்து வயதுப் பெண் ஒருவர், முன்பு துணி மடித்துக்கொடுத்து வீட்டில் வளைய வந்தவர், இப்போது உட்கார்ந்த இடத்தை விட்டு எழுவதில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். உடம்பு பருத்துவிட்டது, கூப்பிட்டால் திரும்புவதில்லை. வயதாகிவிட்டது என்று விட்டுவிடலாமா? டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்குத் தைராய்டு சுரப்புக் குறைவு மற்றவர்களைவிட அதிகமாக வருகிறது; ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும், தினம் ஒரு மாத்திரையில் சரியாகும். காது மந்தமாவதும் அவர்களிடம் அதிகம். அல்சைமர் நோயும் நாற்பதுகளிலேயே தலைகாட்டலாம். ஏனென்றால் மூளையில் படியும் அமிலாய்டு புரதத்துக்கான மரபணு இருப்பது 21ஆம் குரோமோசோமில், அது அவர்களுக்கு மூன்றாக இருக்கிறது. வெளியிலிருந்து பார்க்க இந்த மூன்றும் ஒரே மாதிரிதான் தெரியும். ஒவ்வொன்றாகச் சோதிக்காமல் "இப்படித்தான்" என்று சொல்ல யாருக்கும் உரிமை கிடையாது.

இந்த அலட்சியத்துக்கு இங்கிலாந்தில் கணக்கெடுத்தார்கள். மருத்துவமனைகளின் கவனிப்பில் இருந்து இறந்த, அறிவுசார் குறைபாடு உள்ள ஆறு பேரின் கதையை 2007இல் மென்காப் என்ற அமைப்பு வெளியிட்டது. அதில் ஒருவருக்கு வயது 43. பக்கவாதத்தோடு சேர்க்கப்பட்டவர், விழுங்க முடியாத நிலையில் 26 நாள் உணவில்லாமல் கிடந்தார். குழாய் வைக்கலாம் என்று விழித்துக்கொண்டபோது அந்தச் சிறு அறுவைச் சிகிச்சையைத் தாங்கும் தெம்பு அவர் உடம்பில் இல்லை. பட்டினி போட வேண்டும் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். யாராவது பார்த்துக்கொள்வார்கள் என்று ஒவ்வொருவரும் இருந்திருப்பார்கள்.

அதன் பிறகு பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தின் பாலின் ஹெஸ்லாப் தலைமையில் ஒரு குழு, தென்மேற்கு இங்கிலாந்தில் 2010 முதல் 2012 வரை இறந்த, அறிவுசார் குறைபாடு உள்ள 247 பேரின் மரணங்களை ஒவ்வொன்றாக எடுத்து ஆராய்ந்தது. அறிக்கை 2013இல் வந்தது. மற்ற மக்களோடு ஒப்பிட்டால் ஆண்கள் 13 ஆண்டும் பெண்கள் 20 ஆண்டும் முன்னதாக இறந்திருந்தார்கள். நல்ல மருத்துவம் கிடைத்திருந்தால் தவிர்த்திருக்கக்கூடிய மரணங்கள் நூற்றுக்கு 37. பொது மக்களிடையே அது 13தான். கூடவே இருந்து பார்த்துக்கொண்டவர்கள் சொன்னதை மருத்துவர்கள் காதில் போட்டுக்கொள்ளவில்லை என்ற குறையும் அந்த அறிக்கையில் பதிவாகியிருக்கிறது. எல்லோருக்கும் இலவச மருத்துவம் உள்ள பணக்கார நாட்டிலேயே இந்த நிலை.

சாவுக்கு வழிவகுத்தவற்றில் பல மிகச் சாதாரணமானவை. புரையேறி நுரையீரலில் சளி கட்டுவது. கட்டுக்குள் வராத வலிப்பு. மலச்சிக்கல்! மலச்சிக்கலால் ஒருவர் சாவாரா என்று கேட்கிறவர்கள், குடல் அடைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்று ஒரு அறுவைச் சிகிச்சை மருத்துவரைக் கேட்டுப் பாருங்கள். படுக்க வைத்து ஊட்டாதீர்கள். நிமிர்த்தி உட்கார வைத்துச் சிறு கவளமாகக் கொடுங்கள். தண்ணீர் போதுமான அளவு கொடுங்கள். கழிவறைக் கணக்கை ஒரு காலண்டரில் குறித்து வையுங்கள். கூச்சப்படும் விஷயம் இல்லை இது.

மாத்திரையைப் பற்றி முதலிலேயே கடுமையாகச் சொன்னதற்குக் காரணம் உண்டு. மனநோய் இல்லாதவர்களுக்கு, நடத்தையை அடக்குவதற்காகவே மனநோய் மருந்துகள் ஆண்டுக்கணக்கில் தரப்படுகின்றன. உரிய நோய் ஏதும் பதிவாகாமலே இப்படிப்பட்ட மருந்துகளை விழுங்குகிறவர்கள் இங்கிலாந்தில் 30,000 முதல் 35,000 பேர் இருப்பார்கள் என்று 2015இல் அரசின் பொதுச் சுகாதாரத் துறையே மதிப்பிட்டது. இந்த மருந்துகளால் உடல் பருக்கலாம், சர்க்கரை நோய் வரலாம், மலம் இறுகலாம், மயக்கத்தில் சாப்பிடும்போது புரையேறலாம். ஆலிவர் மெக்கோவன் என்ற 18 வயது இளைஞன் 2016இல் வலிப்புக்காகப் பிரிஸ்டலில் மருத்துவமனைக்குப் போனான். ஆட்டிசமும் லேசான அறிவுசார் குறைபாடும் அவனுக்கு உண்டு. இந்த வகை மருந்து தனக்கு ஒத்துக்கொள்ளாது என்று அவனே சொன்னான், பெற்றோரும் சொன்னார்கள். ஆனாலும் கொடுத்தார்கள். அவன் பிழைக்கவில்லை. பெற்றோரின் விடாத போராட்டத்தால் 2022ஆம் ஆண்டுச் சட்டம் அங்குள்ள மருத்துவப் பணியாளர்களுக்கு இதற்கென்று பயிற்சியைக் கட்டாயமாக்கியது. அந்தப் பயிற்சிக்கு அவன் பெயர்.

கணக்கெடுப்பு உயிரைக் காப்பாற்றும் என்பதற்கு கொரோனா காலமே சாட்சி. அறிவுசார் குறைபாடு உள்ளவர்களிடையே மரண விகிதம் பல மடங்கு அதிகம் என்பது 2020இல் இங்கிலாந்தில் எண்களாக வெளிவந்தது. 2021 பிப்ரவரியில், குடும்ப மருத்துவரின் பதிவேட்டில் அறிவுசார் குறைபாடு என்று பெயர் உள்ள எல்லோருக்கும் தடுப்பூசியில் முன்னுரிமை கிடைத்தது. ஆகவே மருத்துவமனை ஏடுகளில் இவர்களை இவர்களாகப் பதிவு செய்யுங்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்தியாவில் 15 லட்சம் பேர் இவர்கள். எதனால் நோயுற்றார்கள், எதனால் இறந்தார்கள் என்று கேட்கும் ஆய்வுகள் நம் மருத்துவக் கல்லூரிகளிலிருந்து வரட்டும்.

ஆய்வாளர்களே, உங்களிடம் சொல்ல வேண்டியது தனியாக இருக்கிறது. உங்கள் துறையின் கையில் ரத்தக் கறை உண்டு. நியூயார்க்கின் வில்லோபுரூக் பள்ளியில் 1950களின் மத்தியிலிருந்து பல ஆண்டுகள், அறிவுசார் குறைபாடு உள்ள குழந்தைகளுக்கு வேண்டுமென்றே மஞ்சள் காமாலைக் கிருமியைக் கொடுத்து ஆராய்ந்தார்கள். சுவீடனின் விப்பேஹோல்ம் மருத்துவமனையில், இப்படிப்பட்டவர்களுக்கே, சர்க்கரை பல்லைச் சொத்தையாக்குமா என்று பார்க்க, ஒட்டும் மிட்டாயைத் தின்னக் கொடுத்துப் பற்களை அழுகவிட்டார்கள். அந்தப் பாவத்துக்கு அஞ்சி இப்போது மறு எல்லைக்குப் போயிருக்கிறோம்: சம்மதம் வாங்குவது சிரமம் என்று இவர்களை மருந்துச் சோதனைகளிலிருந்தே விலக்கிவிடுகிறோம். இவர்கள் உடலில் சோதிக்காத மருந்தை இவர்களுக்கே எழுதிக் கொடுக்கிறோம். இதுவும் அநியாயம்தான்.

நம் சட்டம் வழி சொல்லியிருக்கிறது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 6ஆம் பிரிவுப்படி, அவர்களுக்குப் புரியும் வகையில் விளக்கி, அவர்களே மனமுவந்து தரும் சம்மதம் இல்லாமல் ஆய்வு செய்யக்கூடாது. அதற்கு முன்அனுமதி தரும் குழுவில் பாதிக்குக் குறையாதவர்கள் மாற்றுத்திறனாளிகளாகவோ அவர்களின் பதிவுபெற்ற அமைப்பினராகவோ இருக்க வேண்டும். படம் வரைந்து விளக்குங்கள். ஒரே மூச்சில் கையெழுத்து வாங்காமல் அடுத்த நாள் மறுபடி கேளுங்கள். முகத்தைத் திருப்பிக்கொண்டால், கையைத் தள்ளிவிட்டால், அதுதான் அவர் பதில், நிறுத்திவிடுங்கள். எதை ஆராயலாம் என்பதையே அவர்களிடம் கேட்டுத் தொடங்குங்கள்.

நேரம் இல்லை என்பார்கள். ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம் எடுக்க வந்த இளைஞன் ஊசியைக் கண்டு அலறினான். அங்கிருந்த செவிலியர் ரப்பர் பட்டையை அவன் கையிலேயே கொடுத்து, தன் புஜத்தில் கட்டச் சொன்னார். அவன் கட்டினான், அவிழ்த்தான், இன்னொரு முறை கட்டினான். பிறகு தன் கையை நீட்டினான். ஐந்து நிமிடம் ஆகியிருக்காது. அதே சட்டத்தின் 25ஆம் பிரிவு சிகிச்சையில் முன்னுரிமை தரச் சொல்கிறது. முதல் டோக்கனை இவர்களுக்குக் கொடுங்கள். கூட்டமும் சத்தமும் சேருமுன் பார்த்து அனுப்புங்கள்.

பெற்றோரே, இங்கிலாந்தில் 14 வயது முதல் இவர்களுக்கு ஆண்டுதோறும் முழு உடற்பரிசோதனை உண்டு. நம் ஊரில் யாரும் கூப்பிடும்வரை காத்திருக்காமல் நீங்களே ஆண்டுக்கு ஒருமுறை அழைத்துப் போங்கள். எடை, ரத்த அழுத்தம், சர்க்கரை, தைராய்டு, பல், காது, கண். சாப்பிடும் ஒவ்வொரு மாத்திரையும் எதற்கு, இன்னும் எத்தனை நாளைக்கு என்று கேளுங்கள். நீங்களாக மட்டும் நிறுத்திவிடாதீர்கள். தேசிய அறக்கட்டளையின் நிராமயா காப்பீட்டில் ஒரு லட்சம் ரூபாய் வரை கிடைக்கும், பதிவு செய்யுங்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு தாள் எடுத்துக்கொண்டு உட்காருங்கள். பிள்ளைக்கு வலித்தால் என்ன செய்வான், எந்த மருந்து ஆகாது, எப்படி ஊட்ட வேண்டும், எதைக் கண்டால் பயப்படுவான், எதைச் சொன்னால் அடங்குவான் என்று எழுதுங்கள். நீங்கள் இல்லாத நேரத்திலும் யாராவது அவனை மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டி வரலாம். ஆகவே நகல் எடுத்துத் தம்பி, தங்கை வீட்டிலும் பள்ளியிலும் கொடுத்து வையுங்கள். மருத்துவர் அந்தத் தாளைப் படிக்காமல் ஒதுக்கினால் மறுபடி எடுத்து நீட்டுங்கள். அப்போதும் பார்க்கவில்லை என்றால் நீங்களே சத்தமாக வாசித்துக் காட்டிவிட்டு, அதன் பிறகு நாற்காலியை விட்டு எழுந்திருங்கள்.