பிடிக்காத பாட்டுக்குக் காது கொடுத்தல்

கர்நாடக இசையில் பதம் என்னும் பாட்டு வகையை முதன்முதலாகக் கேட்பவர் பெரும்பாலும் பாதியிலேயே பொறுமை இழப்பார். பல்லவியின் முதல் அடியே லேசில் முடியாது. தாளம் எங்கே விழுகிறதென்று பிடிபடாது. ஸ்வரங்களைப் பொரிந்து தள்ளும் கல்பனாஸ்வரமோ கைதட்டலுக்கான இடமோ கிடையாது. சாகித்தியமும் பெரும்பாலும் பதினேழாம் நூற்றாண்டுக் கவிஞர் க்ஷேத்ரய்யாவின் தெலுங்கு.

இந்தப் பாட்டுகளைப் பொக்கிஷமாகக் காத்தவர் வீணை தனம்மாள் (1867–1938). சென்னை ஜார்ஜ் டவுனில் அவருடைய வீட்டு வெள்ளிக்கிழமைக் கச்சேரிகளுக்குப் பெரிய வித்துவான்களே வந்து, வாய் திறக்காமல் உட்கார்ந்து கேட்பார்கள். அவருடைய பேத்தி டி. பிருந்தாவிடம் செம்மங்குடி சீனிவாச ஐயரும் எம்.எஸ். சுப்புலட்சுமியும் பதங்களைப் பாடம் கேட்டிருக்கிறார்கள். செம்மங்குடியோ பிருந்தாவைவிட வயதில் மூத்தவர். 1976இல் பிருந்தாவுக்குச் சங்கீத கலாநிதி விருதும் வந்தது. ஆனாலும் பெருங்கூட்டம் அவர் பக்கம் திரும்பவில்லை. வித்துவான்களுக்கான வித்துவான் என்றார்கள். கும்பிட்டபடியே ஒதுக்கிவைக்க இதைவிட வசதியான பட்டம் கிடையாது.

காது சும்மா கேட்டுக்கொண்டிருப்பதில்லை. அடுத்து வரப்போவது என்ன என்று ஊகித்துக்கொண்டே போகிறது. ஊகம் பலித்தால் இதம். சற்றே தப்பினால் வியப்பு. ஊகிக்கவே பிடி கிடைக்காதபோது அலுப்பு வருகிறது. அந்த அலுப்பைத்தான் அவசரப்பட்டுப் பாட்டின் குறையாக எழுதிவிடுகிறோம்.

அடிக்கடி எதிர்ப்படுவதாலேயே ஒன்றின் மேல் விருப்பம் வளரும் என்று உளவியலாளர் ராபர்ட் சயான்ஸ் 1968இல் எழுதினார். உண்மைதான்; ஆனால் அது மட்டும் போதாது என்பேன். பின்னணியில் நூறு முறை ஓடிய பாட்டு சுவரின் நிறம்போல ஆகிவிடும், அவ்வளவுதான். பதத்துக்கு வேண்டியது வேறு கவனிப்பு. ஒரே பதம், ஒரே குரல். பொருளை முன்னதாகத் தெரிந்துகொண்டு, கையில் தாளம் போட்டபடி கேட்க வேண்டும். பைரவி ராகத்தில் ஏறும்போது ஒரு தைவத ஸ்வரம், இறங்கும்போது வேறொரு தைவதம். விரைவான கீர்த்தனையில் இது நொடியில் கடந்துவிடும். பதத்தின் விளம்ப காலத்திலோ, காதலனுக்காகக் காத்திருக்கும் தலைவியின் மனம் ஓரெழுத்துக்குள்ளேயே நிறம் மாறுவது கேட்கும். அதைக் கேட்டுவிட்டவருக்கு அந்த நிதானமே போதாமல் போகும்.

இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். பிடிக்கவில்லை என்கிறோமே, அந்த வெறுப்பு நம்முடையதுதானா? பதங்களைப் பேணியவர்கள் தேவதாசி மரபுப் பெண்கள். அவற்றின் உயிர் சிருங்காரம் என்னும் காதல் சுவை. அந்தப் பெண்களைத் தள்ளிவைத்த சமூகம் அவர்களுடைய பாட்டையும் கூச்சத்தோடு பார்த்தது. கச்சேரியில் கடைசிப் பகுதிக்குத் தள்ளியது. நம் காதில் படிந்திருப்பதில் எவ்வளவு ருசி, எவ்வளவு தாத்தாக்களின் முகச்சுளிப்பு என்று பிரித்துப் பார்ப்பது சிரமம். மனிதர்களைப் பிடிக்கவில்லை என்று சொல்லும்போதும் இந்தச் சந்தேகம் நமக்கு இருந்தாக வேண்டும்.

அதற்காக, புரியாததற்கெல்லாம் சபாவில் தலையாட்ட வேண்டியதில்லை. அது பொய், கேட்க முயலும் உழைப்பையே அது மிச்சம் பிடித்துவிடுகிறது. இன்னும் பிடிபடவில்லை என்று சொல்லிவிடலாம், வெட்கமில்லை. சினிமாப் பாட்டின் மேலிருந்த ஆசையைத் துறக்கவும் வேண்டாம். எல்லா இசைக்கும் இப்படிக் காது கொடுக்க ஆயுள் போதாது என்பதும் நிஜம். எதற்குக் கொடுப்பது என்பதில், நாம் மதிக்கும் ஒருவரின் ரசனையை நம்பித்தான் இறங்க முடியும். அவருக்கு அதில் என்ன கேட்கிறது என்று முதலில் அவரிடமே கேட்கலாம்.