நோட்டில் ஏறாத கருத்து

தேசத்தைப் பற்றிக் கருத்து இல்லாத ஓர் ஆளை எங்கள் ஊர் டீக்கடையில் நான் பார்த்ததில்லை. தொகுதி மறுவரையறை, நீட், ஆளுநரின் அதிகாரம், அமெரிக்கா போட்ட வரி, தங்கம் விலை என்று காலை ஆறு மணிக்கே அங்கே நாடாளுமன்றம் கூடிவிடும். பேசுகிறவர்கள் விவரம் தெரியாதவர்கள் என்றும் சொல்ல முடியாது. பேப்பர் படிக்கிறார்கள், ராத்திரி டிவி விவாதம் பார்க்கிறார்கள், எந்தத் தேர்தலில் யார் எந்தக் கூட்டணியில் இருந்தார் என்பதை நாள் நட்சத்திரத்தோடு ஒப்பிக்கிறார்கள். அவர்களிடம் போய், நம் தெருவுக்குத் தண்ணீர் வரும் மேல்நிலைத் தொட்டியைக் கடைசியாக எப்போது கழுவினார்கள் என்று கேட்டுப் பாருங்கள். "அது பஞ்சாயத்து வேலை தம்பி" என்று ஒரு பெரியவர் முடித்துவிடுவார். பேச்சு மறுபடி டெல்லிக்குப் போய்விடும்.

தொட்டி உள்ளூர்ச் சங்கதி, ஆளுநர் தேசியப் பிரச்சினை என்று பிரித்துவைக்கிற இந்தப் பழக்கம் எனக்குப் பிடிபடுவதே இல்லை. 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில், தலித் மக்கள் குடிக்கும் தண்ணீர்த் தொட்டியில் மலம் கலந்திருந்தது தெரியவந்தது. அதைவிடப் பெரிய தேசியப் பிரச்சினை அந்த மாதம் வேறென்ன இருந்தது? சாதி, தண்ணீர், போலீஸ், நீதி எல்லாம் அந்த ஒரு தொட்டிக்குள் கிடந்தன.

கருத்துக்கு இந்த நாட்டில் பஞ்சமே கிடையாது. அதைக் கேட்டு எழுதிக்கொண்டே ஆகவேண்டிய ஓர் இடத்தைச் சட்டம் நமக்குக் கொடுத்திருக்கிறது, அங்கே மட்டும் போகமாட்டோம் என்கிறோம். கிராம சபையைத்தான் சொல்கிறேன்.

73-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 1993 ஏப்ரல் 24-இல் நடைமுறைக்கு வந்தது. அடுத்த வருடமே தமிழ்நாடு தனது ஊராட்சிகள் சட்டத்தை நிறைவேற்றியது. வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கிற ஒவ்வொருவரும் அந்த ஊராட்சியின் கிராம சபை உறுப்பினர். தேர்தலில் நிற்க வேண்டாம், யாருக்கும் மாலை போட வேண்டாம், பதவிக்காலமும் கிடையாது. சட்டமன்றத்தைக் கலைக்கலாம், மக்களவையைக் கலைக்கலாம். வாக்காளர்களே உறுப்பினர்களாக இருக்கும் சபையை எதைக்கொண்டு கலைப்பது? ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று வருடத்துக்கு நான்கு கூட்டங்கள் இருந்தன. தண்ணீர் தினமான மார்ச் 22, உள்ளாட்சி தினமான நவம்பர் 1 ஆகியவற்றையும் சேர்த்து இப்போது ஆறு. தமிழ்நாட்டில் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கிராம ஊராட்சிகள் இருக்கின்றன. அத்தனையிலும் ஒரே நாளில் மக்கள் கூடி, வரவு செலவைக் கேட்டு, தீர்மானம் எழுதுகிறார்கள் என்று காகிதம் சொல்கிறது.

காகிதத்துக்கு வெளியே நடப்பது வேறு. சமுதாயக்கூடத்தில் நாற்காலி போட்டிருப்பார்கள். முன்வரிசையில் தலைவர், ஊராட்சிச் செயலர், அரசு அனுப்பிய பற்றாளர். தலைவர் பெண்ணாக இருந்தால் அவருக்குப் பக்கத்திலேயே அவர் கணவர். உள்ளாட்சியில் பெண்களுக்குப் பாதி இடம் என்று 2016-இல் சட்டம் வந்ததற்கு இந்தக் கணவர்கள் கண்டுபிடித்த பதில் அது. மக்கள்தொகை மூவாயிரத்துக்குள் இருந்தால் நூறு பேர், பத்தாயிரத்துக்குள் இருந்தால் இருநூறு பேர் வந்தாக வேண்டும் என்பது விதி. அந்தக் கணக்கை நிரப்ப நூறு நாள் வேலைக்குப் போகிற பெண்களை அழைத்துவந்து உட்காரவைப்பார்கள். வருகைப் பதிவேடு கைமாறும். தீர்மானங்கள் முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கும், அல்லது கையெழுத்துகளுக்கு மேலே இடம் விட்டுவைத்து அப்புறம் எழுதப்படும். செயலர் படிக்கிற வேகத்தில் லட்சமும் ஆயிரமும் ஒன்றாகக் கேட்கும். டீ, வடை. ஒரு மணி நேரத்தில் ஜனநாயகம் முடிந்துவிடும்.

ஆனாலும் அந்த உட்காரவைக்கப்பட்ட பெண்களில் ஒருவர் சில சமயம் எழுந்துவிடுவார். எங்கள் ஊராட்சியில் ஒரு கூட்டத்தில் அப்படி ஒருவர் எழுந்தார். "போன வருஷம் நாங்க வெட்டுன கண்மாய் வரத்துக்காலு இந்த வருஷக் கணக்குலயும் வருதே, அது எப்படிய்யா?" என்றார். "கணக்கெல்லாம் இருக்கும்மா, அப்புறம் பேசிக்கலாம்" என்று பதில் வந்தது. "அப்புறம்னா மே தினத்துக்கா, சுதந்திர தினத்துக்கா?" என்று கேட்டாரே பார்க்கலாம். கூடம் சிரித்தது. பற்றாளர் சிரிக்கவில்லை, நோட்டை எடுத்து எழுதிக்கொண்டார். டீக்கடை நாடாளுமன்றத்தின் உறுப்பினர் ஒருவர்கூட அன்று அந்தக் கூடத்தில் இல்லை. அவர்களைவிட அந்த அம்மா பேசியது பெரிய அரசியல் என்பது என் கட்சி. அவர் மண்வெட்டி பிடித்த இடம் அது, காசு எங்கே போனது என்பது அவருக்கு நேராகத் தெரியும். அதனால் பதில் சொல்வது கஷ்டமாக இருந்தது.

நோட்டில் ஏறினால் என்ன ஆகும் என்று கேட்கலாம். சில இடங்களில் ஆகியிருக்கிறது. ஒடிசாவின் நியமகிரி மலையில் பாக்சைட் வெட்டலாமா என்ற வழக்கில், அந்த மக்களின் கிராம சபைகளைக் கேளுங்கள் என்று 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொன்னது. டோங்கிரியா கோந்த் பழங்குடிகள் வாழும் அந்த மலையில் பன்னிரண்டு ஊர்களில் சபை கூட்டினார்கள். பன்னிரண்டும் வேண்டாம் என்றன. வேதாந்தா போன்ற ஒரு பெருநிறுவனத்தின் திட்டம் அதோடு நின்றது.

நம் பக்கத்தில் மேலூர். அரிட்டாபட்டியைச் சுற்றியுள்ள சுமார் 2,000 ஹெக்டேர் நிலத்தில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கான ஏலம் இந்துஸ்தான் ஜிங்க் நிறுவனத்துக்குப் போனதாக 2024 நவம்பரில் அறிவிப்பு வந்தது. தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம் என்று இரண்டே வருடங்களுக்கு முன்னால் அரசே அறிவித்த ஊர் அது. அந்த மாதக் கடைசியில் நடந்த கிராம சபைகளில் ஊராட்சி ஊராட்சியாக எதிர்ப்புத் தீர்மானம் எழுதினார்கள். டிசம்பரில் சட்டமன்றம் தீர்மானம் போட்டது. ஜனவரி 7 அன்று மதுரை வரை பேரணியாகப் போனார்கள். 23-ஆம் தேதி மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. பேரணியை எல்லா டிவியும் காட்டின. அதற்கு ஒன்றரை மாதம் முன்பே பெயரும் கையெழுத்துமாக ஊராட்சி நோட்டுகளில் எழுதி வைத்திருந்ததை யாரும் அதிகம் பேசவில்லை. எதிர்ப்பது நாலு பேர்தான், வெளியிலிருந்து தூண்டிவிடுகிறார்கள் என்று வழக்கமாகச் சொல்லப்படும் பேச்சு அங்கே எடுபடாமல் போனதற்கு அந்த நோட்டுகளும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

ஏகனாபுரத்தையும் சொல்லியாக வேண்டும். பரந்தூர் விமான நிலையத்துக்கு நிலம் தர மாட்டோம் என்று 2022-இலிருந்து அந்த ஊர் கிராம சபையில் தீர்மானத்துக்கு மேல் தீர்மானம் போட்டது. நிலமெடுப்பு அறிவிப்புகளும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஒரே சபை, ஒரே நோட்டு, ஓரிடத்தில் மலையைக் காக்கிறது, இன்னோரிடத்தில் தூசி படிந்து கிடக்கிறது. காரணம் சட்டத்தில் இருக்கிறது. நியமகிரி மக்களுக்குப் பின்னால் 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் நின்றது. பழங்குடிப் பகுதிகளின் கிராம சபைகளுக்குக் கூடுதல் அதிகாரம் தருகிற 1996-ஆம் ஆண்டுச் சட்டம், அரசியல் சட்டத்தின் ஐந்தாம் அட்டவணைப் பகுதிகளுக்கு மட்டும்தான். தமிழ்நாட்டில் அப்படி அறிவிக்கப்பட்ட பகுதி ஒன்றுகூடக் கிடையாது. ஆகவே நமது கிராம சபை சொல்லலாம், தடுக்க முடியாது. மேலூரில் மாநில அரசும் மக்களும் ஒரே பக்கம் நின்றார்கள். பரந்தூரில் திட்டம் கேட்டதே மாநில அரசு. மாநில உரிமை பற்றி டெல்லியிடம் நாம் பேசுகிற அத்தனை நியாயமும் ஊராட்சி உரிமை என்று வரும்போது சென்னைக்கும் பொருந்த வேண்டும். பொருந்துவதில்லை.

இதில் கட்சி வித்தியாசமும் கிடையாது. 2016-இல் நடந்திருக்க வேண்டிய ஊராட்சித் தேர்தல் 2019 டிசம்பரில்தான் நடந்தது, அதுவும் 27 மாவட்டங்களில். மீதி ஒன்பது மாவட்டங்கள் 2021 அக்டோபர் வரை காத்திருந்தன. 2021 மே வரை ஆண்டது அதிமுக. அந்த 27 மாவட்டங்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-இல் முடிந்தது. புதிய தலைவர்கள் வந்திருக்க வேண்டிய இடத்தில் தனி அலுவலர்கள் வந்தார்கள். அப்போது ஆண்டது திமுக. சட்டமன்றத் தேர்தலை ஆறு மாதம் தள்ளிவைத்தால் தமிழ்நாடு சும்மா இருக்குமா? ஊராட்சித் தேர்தல் வருடக்கணக்கில் தள்ளிப்போனபோது டீக்கடையில் அது ஒருநாள் பேச்சாகக்கூட இருக்கவில்லை. 2020 அக்டோபர் 2 கிராம சபையைக் கொரோனாவைக் காரணம் காட்டிக் கடைசி நேரத்தில் ரத்து செய்தார்கள். டாஸ்மாக் கடைகள் அதற்கு முந்தைய மாதத்தில் திறந்துதான் இருந்தன.

ஊர்ப்புறத்தை நான் தங்கத்தட்டில் வைக்கிறேன் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. கிராமம் குறுகிய புத்தியின் கூடாரம் என்ற பொருளில் அம்பேத்கர் 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் பேசியபோது பலருக்குக் கோபம் வந்தது. சில நாட்களில் கே. சந்தானம் கொண்டுவந்த திருத்தத்தின் வழியாகத்தான் ஊராட்சி என்பது அரசியல் சட்டத்துக்குள் வந்தது. எனக்கு இருவர் மீதும் மதிப்பு உண்டு. ஆனால் அம்பேத்கரின் அச்சம் பொய்யில்லை என்பதைப் பின்னால் மேலவளவு காட்டியது. ஊராட்சித் தலைவர் பதவி தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டதைப் பொறுக்காமல், வென்ற முருகேசனையும் உடனிருந்தவர்களையும் 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொன்றார்கள். டங்ஸ்டனை எதிர்த்து ஒன்றாக நின்ற அதே மேலூர் வட்டாரம்தான் அது. பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டகச்சியேந்தல் ஆகிய நான்கு ஊர்களிலும் 1996-இலிருந்து 2006 வரை தலைவர் பதவியை இயங்கவிடவில்லை. அந்தக் கதை பழசு என்று சொல்வதற்கும் வழியில்லை. பட்டியல் சாதித் தலைவர்கள் தடையின்றித் தேசியக் கொடி ஏற்றுவதை உறுதிசெய்யுங்கள் என்று 2022 ஆகஸ்டில் தலைமைச் செயலாளர் ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுத வேண்டியிருந்தது.

உத்திரமேரூர்க் கல்வெட்டைக் காட்டி, ஆயிரம் வருடத்துக்கு முன்பே குடவோலை கண்ட இனம் என்று மேடையில் முழங்குகிறவர்கள் அந்தக் கல்வெட்டை முழுக்கப் படித்தால் நன்றாக இருக்கும். பராந்தக சோழன் காலத்து, 919, 921-ஆம் ஆண்டுகளின் கல்வெட்டுகள் அவை. வேட்பாளருக்கு வரி கட்டுகிற கால் வேலி நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதம் தெரிந்திருக்க வேண்டும். பிராமணர் சபை அது. உழுதவன் பெயர் எந்த ஓலையிலும் ஏறியிருக்காது. ஆனால் அதே கல்வெட்டில் இன்னொரு விதி இருக்கிறது: பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவனும் அவனுடைய நெருங்கிய உறவினர்களும் மறுபடி நிற்கக் கூடாது. பெருமைக்கு எடுத்துக்கொள்வதென்றால் நான் அந்த வரியைத்தான் எடுத்துக்கொள்வேன். இன்று அதை ஒரு வட்டாரத்தில் அமல்படுத்தினால் எத்தனை குடும்பம் தேறும்?

நகரத்து வாசகர்கள் இது தங்களுக்கில்லை என்று இருந்துவிட வேண்டாம். மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி வார்டுகளில் பகுதி சபா கூட்டத் தமிழ்நாட்டில் 2010-லேயே சட்டம் வந்துவிட்டது. விதிகள் 2022-இல்தான் வந்தன, முதல் கூட்டங்கள் அந்த வருடம் நவம்பர் 1-இல் நடந்தன. அடுக்குமாடிக் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் தெருநாய் பற்றி நூறு செய்தி போடுகிறவருக்குத் தன் வார்டின் பகுதி சபா எப்போது கூடியது என்பது தெரியாது. எந்த அதிகாரியும் வாட்ஸ்அப் செய்திக்குப் பதில் எழுதக் கடமைப்பட்டவர் இல்லை.

தேசத்தைப் பற்றிப் பேசாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. பேச வேண்டும். தொகுதி மறுவரையறை பற்றியும் பேச வேண்டும், 2021-இல் எடுத்திருக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கு இத்தனை வருடம் ஏன் தள்ளிப்போனது என்றும் கேட்க வேண்டும். ஆனால் தன் ஊர்க் கணக்கை ஒருமுறைகூடக் கேட்டுப் பார்க்காதவன் நாட்டின் பட்ஜெட் பற்றிச் சொல்லும் கருத்தை நான் பாதிக் காதால்தான் கேட்பேன்.

அடுத்த கூட்டத்துக்குப் போங்கள். போகிறபோது பக்கத்து வீட்டுக்காரரையும், முக்கியமாகக் காலனியிலிருந்து வர யோசிக்கிறவர்களையும் அழைத்துக்கொண்டு போய் ஒன்றாக உட்காருங்கள். வரவு செலவு பேனரில் எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் கோரிக்கையை வாயால் சொல்லி விட்டுவிடாமல் எழுதிக் கொடுத்து, தீர்மானமாக ஏற்றச் சொல்லுங்கள். கையெழுத்துப் போடும் இடத்துக்கு மேலே வெற்றிடம் இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள்.